இளவரசிக்கு யார் காது

ஜூன் 3, செவ்வாய்

ராஜா இன்று நான் பாதிப் படம் வரைந்துகொண்டிருக்கும்போதே எழுந்து ஓடிவிட்டார். எங்கேயோ லிஃப்டில் ஆள் மாட்டிக்கொண்டதாகப் போன் வந்தது. படியிறங்கி, எதிர்வீட்டு டாக்டரம்மாவுக்கு வணக்கம் சொல்லி, வண்டியைக் கிளப்பி, ஹெல்மெட்டை மாட்டப் போகும்போதுதான் தலையில் என் காய்கறி வடிகட்டி இருப்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. கிரீடத்தைக் கேட்டில் தொங்கவிட்டுப் போயிருக்கிறார்.

வேறென்ன செய்ய? பத்திரிகையில் எழுத்தாளரம்மா எழுதும் மாயாஜாலத் தொடருக்குப் படம் போட வாரத்தில் மூன்று நாள்தான் கிடைக்கிறது. உட்கார்ந்து யோசித்து முகம் பிடிக்க நேரமேது? வீட்டையே அரண்மனையாக்கி இரண்டு வருஷமாகிறது. லிஃப்ட் மெக்கானிக்கான என் வீட்டுக்காரர்தான் ராஜா. பதினொரு வயது மகள், எங்கள் வாண்டுதான் இளவரசி. ராணிக்கு நானே, கண்ணாடியைப் பார்த்து, பத்து கிலோ குறைத்து. இறக்கை முளைத்த பறவைநாகங்களை மேய்க்கும் நாகப்பாகன் ஒருத்தன், ரொம்ப வருஷம் காட்டில் இருந்தவன், போன மாதம் அரண்மனைக்குத் திரும்பி வந்தான். அன்றைக்குச் சாப்பிட வந்த என் தம்பியைப் பிடித்து உட்காரவைத்து நாகப்பாகனை வரைந்தேன். பறவைநாகத்துக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. எழுத்தாளரம்மாவை நினைத்துக்கொண்டு போட்டேன்.

ஜூன் 9, திங்கள்

பத்திரிகை ஆசிரியர் போன்.

"வாசகர் கடிதம் குவியுதும்மா."

"படம் நல்லாருக்குன்னா சார்?"

"இளவரசி ராஜா பொண்ணே இல்லையாம். நாகப்பாகன் பொண்ணாம். காதைப் பாரு, காதைப் பாருன்னு ஆளாளுக்கு எழுதுறாங்க."

போனை வைத்துவிட்டுப் படங்களைத் தரையில் பரப்பிப் பார்த்தேன். அய்யோ! தம்பிக்குக் காது எப்படி இருக்கும்? காரின் இரண்டு கதவையும் திறந்து வைத்த மாதிரி இருக்கும். அப்படியே வாண்டுக்கும் இருக்கும். மாமன் காது மருமகளுக்கு வருவது ஊர் உலகத்தில் நடப்பதுதானே. ஆனால் கதையில் நாகப்பாகன் ராணிக்கு அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை. போதாததற்கு, அவன் திரும்பி வந்தபோது ராணி கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள் என்று எழுத்தாளரம்மா ஒரு வரி எழுதியிருந்தார். கண்ணில் தூசி விழுந்திருக்கும் என்று நினைத்து நானும் அதை வரைந்து தொலைத்தேன்.

ஜூன் 11, புதன்

இந்த வாரம் இளவரசியின் தலைமுடியை இரண்டு பக்கமும் காதுக்கு மேலே இழுத்துவிட்டேன். தீர்ந்தது தலைவலி.

ஜூன் 16, திங்கள்

தீரவில்லை. "மறைக்கிறாங்கன்னா ஏதோ இருக்கு" என்று எழுதியிருக்கிறார்கள். ஒருவர் என்னுடைய பழைய படங்களையெல்லாம் தேடி எடுத்து, காதுகளை மட்டும் வெட்டி வரிசையாக ஒட்டி அனுப்பியிருக்கிறார். வேலைவெட்டி இல்லாதவர்கள்! ஆனால் ஒட்டியிருந்த நேர்த்தியைப் பாராட்டத்தான் வேண்டும்.

எனக்கும் ஒரு யோசனை வந்தது. ஒருத்தனுக்கு மட்டும் அந்தக் காது இருந்தால்தானே சந்தேகம்? நாட்டில் பாதிப் பேருக்குக் கொடுத்துவிட்டால்? சமையற்காரர், வாயிற்காவலன், இரண்டு தோழிகள், ஒரு குதிரை, எல்லாருக்கும் காதை வாரி வழங்கிவிட்டேன்.

ஜூன் 23, திங்கள்

எழுத்தாளரம்மாவே போனில் வந்தார். காதில் வைக்க முடியவில்லை, அப்படி ஒரு குரல்.

"ஏம்மா, என் நாகப்பாகன் என்ன அப்படிப்பட்ட ஆளா? அரண்மனை முழுக்க அவன் பிள்ளைங்கதான்னு எழுதுறாங்க. குதிரையைக்கூட விட்டு வைக்கல!"

"மேடம், அது வந்து..."

"அவன் பிரம்மச்சாரிம்மா! மூணாவது அத்தியாயத்துலயே சொல்லியிருக்கேன்!"

என்னத்தைச் சொல்ல? என் தம்பிக்கும் இன்னும் கல்யாணம் ஆகவில்லை, இந்தக் காதை வைத்துக்கொண்டுதான் பெண் தேடுகிறோம்.

ஜூன் 24, செவ்வாய்

இவருடைய ஒர்க்‌ஷாப்பிலும் பத்திரிகை வாங்குகிறார்கள். "என்ன ராஜா, கோட்டையில ஏதோ பிரச்சனையாமே" என்று பொடி வைத்துப் பேசுகிறார்களாம். சாயங்காலம் வந்ததும் கண்ணாடி முன்னால் நின்று, தன் காதை இரண்டு விரலால் முன்னுக்குத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க பண்றீங்க?"

"ஒண்ணுமில்ல. கதையிலயாவது நான் அப்பாவா இருந்துட்டுப் போறேன்னு பார்த்தேன். அதுலயும் விட மாட்டேங்கிறாங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். அப்புறம் சமையலறைக்குள் வந்து குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு சும்மா நின்றேன்.

வாண்டுக்கு இரண்டு வயது இருக்கும்போது இவரைக் கட்டிக்கொண்டேன். அவளைப் பெற்றவன் அதற்கு முன்பே கிளம்பிப் போயிருந்தான். போனவன் போனவன்தான். அவளுக்கும் இது தெரியும். ஏழு வயதில் உட்காரவைத்து இரண்டு பேருமாகச் சொன்னோம். முழுசாகக் கேட்டுவிட்டு, "சரி, எனக்குப் பசிக்குது" என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. முடிந்தது என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூலை 1, செவ்வாய்

எழுத்தாளரம்மாவின் கோபமெல்லாம் போய்விட்டது. போன இடம் எனக்குத்தான் பிடிக்கவில்லை. பத்திரிகை இப்போது கடைக்கு வந்த வேகத்தில் தீர்ந்துவிடுகிறதாம். அதனால் வாசகர்கள் சொன்னபடியே முடித்துவிடலாம் என்று முடிவெடுத்துவிட்டார். நாகப்பாகனாவது பிரம்மச்சாரியாவது! கடைசி அத்தியாயத்தில் குட்டு உடைகிறது. ராஜரத்தம் இல்லாதவர்கள் அரியணை ஏறக்கூடாது என்று அந்த நாட்டில் சட்டம். இளவரசி நாகப்பாகனோடு பறவைநாகத்தில் ஏறிக் காட்டுக்குப் போய்விடுகிறாள். "எல்லாரும் அழுவாங்கம்மா!" என்கிறார், அப்படி ஒரு சந்தோஷம்.

சுருக்கத்தை அனுப்பியிருந்தார். என் புத்தி, மேசையிலேயே வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் வாண்டு படித்துக்கொண்டிருக்கிறாள்.

"அப்போ ராஜா ஒண்ணுமே சொல்ல மாட்டாராம்மா? அனுப்பிடுவாரா?"

"கதைடி அது. எழுதினதை வரையறதுதான் என் வேலை."

"கதைதான். ஆனா ராஜாவுக்கு அப்பா மூஞ்சிதான போட்டிருக்கே?"

பல் தேய்த்தாயா என்று கேட்டேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு.

ஜூலை 3, வியாழன்

காலையில் வாண்டின் முகம் வீங்கியிருந்தது. ராத்திரி முழுக்கக் காதுவலியாம். எதிர்வீட்டு டாக்டரம்மா பார்த்துவிட்டுச் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். அவளுக்குக் காதுவலி புதிதில்லை. சின்னதிலிருந்து எப்போது வந்தாலும் நேராக இவரைத்தான் போய் உலுக்குவாள். நான் எழுந்திருப்பதற்குள் அப்பாவும் மகளும் துணியைச் சூடு பண்ணி ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். நேற்று யாரையும் எழுப்பவில்லை.

"ஏண்டி அப்பாவை எழுப்பல?"

"தூங்கட்டும்னு விட்டுட்டேன். அவருக்கு வேலைக்குப் போகணும்ல."

அவருக்காம்! எப்போதும் அப்பாவுக்கு என்பவள்.

இவர் ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார். கை அப்படியே நின்றது. நாடாவைக் கட்டாமலே எழுந்து போய்விட்டார். சாப்பாட்டு டப்பா மேசையிலேயே இருக்கிறது. எல்லாம் என் பென்சில் செய்த வேலை. வீட்டில் இருக்கும் மூஞ்சியையெல்லாம் எடுத்துக் கதைக்குள் போட்டேனே, கதை திரும்பி வீட்டுக்குள் வராது என்று எந்தத் தைரியத்தில் போட்டேன்?

ஜூலை 4, வெள்ளி

எழுத்தாளரம்மாவை ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறேன். தம்பியையும் வரச் சொல்லியிருக்கிறேன். என்ன பேசப் போகிறேன்? தெரியாது.

ஜூலை 6, ஞாயிறு

எழுதியே ஆகவேண்டும்.

கதவைத் திறந்தது இவர். எழுத்தாளரம்மா நிமிர்ந்து பார்த்தார். "ராஜா!" என்றார். செருப்பைக் கழற்றிவிட்டு, கொஞ்சம் குனிந்தேதான் உள்ளே வந்தார். தண்ணீர்ச் செம்போடு தம்பி எதிரே வந்தான். என் தம்பி மேடம் என்றேன். அவனையும், பக்கத்தில் நின்ற வாண்டையும் மாறி மாறிப் பார்த்தவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அடிப்பாவி! மாமன் காதா இது!"

தம்பி இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டான். "தெரியாம வளர்ந்துடுச்சு மேடம், மன்னிச்சுக்கோங்க."

சாப்பிட உட்கார்ந்ததும் நான் விஷயத்துக்கு வந்தேன். முடிவை மாற்ற முடியுமா மேடம் என்றேன். நான் பயந்த அளவுக்கு ஒன்றுமில்லை, அவருக்கே உற்சாகம் தாங்கவில்லை. "இவ்வளவு சுலபமா! நாகப்பாகன், சின்ன வயசுல தொலைஞ்சு போன ராணியோட தம்பி. முடிஞ்சுது போ. பொண்ணு ராஜா பொண்ணேதான். ஒரு சிக்கலும் இல்ல." எனக்கு உயிர் வந்தது.

வாண்டு தட்டைப் பார்த்தபடியே சொன்னாள்: "அப்போ, ராஜாவோட சொந்தப் பொண்ணுங்கிறதாலதான் வச்சுக்கிறாரு. இல்லேன்னா அனுப்பிடுவாரு, அதான?"

எழுத்தாளரம்மா என்னைப் பார்த்தார், வாண்டைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். சொல்லாமலே ஏதோ புரிந்திருக்க வேண்டும். குரல் இறங்கிவிட்டது.

"நீங்க சொல்லுங்க சார். ராஜா நீங்கதான. விஷயம் தெரிஞ்சா என்ன செய்வீங்க?"

இவர் மேடையேறிப் பேசுகிறவர் இல்லை. கல்யாணத்தன்றைக்கே நாலு வார்த்தைக்கு மேல் பேசாதவர். கையைத் தட்டில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"தெரியறதுக்கு என்ன மேடம் இருக்கு? காது யாருதுன்னு ராஜாவுக்கு மொதல் நாளே தெரியும். அது யாருதா வேணா இருந்துட்டுப் போகட்டும். வலிச்சா என்னை... அவரைத்தான் வந்து எழுப்புவா. இப்ப ரெண்டு மூணு நாளா எழுப்புறதில்ல. அதுதான் அவருக்குத் தாங்கல."

வாண்டின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. எனக்கும்தான். தம்பி தொண்டையைச் செருமிக்கொண்டு, "இதென்னங்க நியாயம்? காது என்னோடது, தூக்கம் போறது அத்தானுக்கு" என்றான். வாண்டு அழுதபடியே சிரித்ததில் புரையேறிவிட்டது. இவர்தான் தலையில் தட்டினார். அவள் நகரவில்லை.

எழுத்தாளரம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சார், இதை நான் எடுத்துக்கலாமா?" என்றார்.

"எதை மேடம், உப்பா?" என்று இவர் உப்பு டப்பாவை அவர் பக்கம் நகர்த்தினார்.

ஜூலை 8, செவ்வாய்

ராத்திரி வாண்டு இவரை எழுப்பினாளாம். காதுவலி இல்லையாம், தாகமாம். தண்ணீர் பாட்டில் அவள் தலைமாட்டிலேயே இருந்ததைக் காலையில் பார்த்தேன். இவர் கொட்டாவி விட்டுக்கொண்டே விசிலடித்துக்கொண்டு வேலைக்குப் போனார்.

ஜூலை 21, திங்கள்

கடைசி அத்தியாயம் வந்துவிட்டது. நாகப்பாகன் யாருக்குத் தம்பி, யாருக்கு என்ன உறவு என்று எழுத்தாளரம்மா கடைசிவரை சொல்லவேயில்லை. கெட்டிக்காரி. சபையில் மந்திரி எழுந்து, "அரசே, இளவரசியின் காதுகளைப் பாருங்கள்!" என்கிறார். "பார்க்காமலா? இத்தனை வருஷமாக அந்தக் காதுக்கு மருந்து விடுவது யார் என்று நினைத்தீர்?" என்கிறார் ராஜா. அப்புறம் அந்தச் சட்டத்தைக் கிழித்துப் பறவைநாகத்துக்குத் தின்னக் கொடுத்துவிட்டு, கிரீடத்தைக் கழற்றி மகள் தலையில் வைக்கிறார். அந்தக் கட்டத்தைத்தான் நான் வரைய வேண்டும்.

இரண்டு தடவை படித்துவிட்டேன். இவரிடம் கொடுத்தேன். "ராஜா நல்லாப் பேசுறாரே, எங்க படிச்சாரு?" என்றார். நடிப்பு!

ஜூலை 22, செவ்வாய்

வாண்டை முக்காலியில் உட்காரவைத்தேன். இவர் தன் தலையிலிருந்து வடிகட்டியைக் கழற்றி அவள் தலையில் வைத்தார். இவருக்குத் தலை பெரிசு, அதற்குத் தகுந்த வடிகட்டி. நான் ஒருமுறை போட்டுப் பார்த்தபோது மூக்குவரை இறங்கிவிட்டது. அவளுக்கும் சரசரவென்று இறங்கி, காது இரண்டிலும் உட்கார்ந்து நின்றுகொண்டது.

"பார்த்தியா?" என்றார் இவர். "என் சைஸ் கிரீடம். உங்க மாமா காது மட்டும் இல்லேன்னா கழுத்துக்கு வந்திருக்கும்."

"பேசாதீங்கப்பா. அம்மா வரையறாங்கல்ல."

அப்பா என்றாள். காதை மறைக்காமல், உள்ளது உள்ளபடி போட்டேன். ஓரத்தில் ஒரு குதிரையையும் அதே காதோடு போட்டேன், எழுத்தாளரம்மா திட்டினால் திட்டட்டும். படம் முடிந்தும் அவள் கிரீடத்தைக் கழற்றவில்லை, அதோடேயே வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். காய் கழுவ வேண்டும், வடிகட்டியை வாங்கிக் கொடுங்கள் என்று இவரிடம் கேட்டேன்.

"என்னை ஏன் கேட்கிற? அதெல்லாம் இனிமே அவங்ககிட்டதான் கேட்கணும்" என்கிறார்.