எங்கே என்று கேட்காத ஞாயிறு

அக்கா,

இன்று காலை சமையலறை மேல்தட்டைத் துடைக்கும்போது உங்கள் பிளாஸ்க் கையில் அகப்பட்டது. மூடியைத் திறந்திருக்கக் கூடாது. திறந்தேன். மூன்று வருடமாகக் கழுவிக் கவிழ்த்து வைத்ததுதான். ஆனாலும் வேர்க்கொம்புச் சுக்கும் மல்லியும் போட்ட உங்கள் கோப்பியின் மணம் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் கீழ்வீட்டுக் கதவு திறந்து, நீங்கள் படியில் குந்தியிருந்து சப்பாத்துக் கயிறு கட்டுகிற சத்தம் கேட்டது. கயிறு கட்டுவதற்கு என்ன சத்தம் என்று என் மகள் கேட்பாள். மூச்சு வாங்கிக்கொண்டு, குனிகிற ஒவ்வொரு தடவையும் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டுதானே கட்டுவீர்கள்? அந்தச் சத்தம்தான். இப்போது அந்த வீட்டில் ஹெயிற்றிக்காரக் குடும்பம் ஒன்று இருக்கிறது. நல்ல சனங்கள். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு நான் படிப்பக்கம் போவதில்லை.

சென்ட் லோரன்டில் மருந்துகளைப் பெட்டியில் அடைக்கும் தொழிற்சாலையில் எட்டு வருடம் ஒரே மேசையில் நின்றோம். வேலை, வீடு, கோயில். இந்த மூன்றையும் விட்டால் எனக்கு மொன்றியல் தெரியாது. "இவ்வளவு காலம் இருந்தும் ஊர் பாக்கேல்லை எண்டால் உமக்கு வெக்கமில்லையோ?" என்று நீங்கள்தான் ஒரு நாள் இழுத்துக்கொண்டு போனீர்கள். அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் ஒரு பஸ். எந்த இலக்கம் முதலில் வருகிறதோ அதில் ஏறி, கடைசித் தரிப்பு வரை போய், ஒரு வாங்குப் பலகையில் குந்தி கோப்பி குடித்துவிட்டு, அதே பஸ்ஸில் திரும்புவது. ஏறும்போது சாரதிக்குப் பெரிய "பொன்ஜூர்", இறங்கும்போது பெரிய "மெர்சி". உங்கள் பிரெஞ்சு அத்துடன் சரி. "இவ்வளவு காணும். மிச்சத்தைச் சிரிச்சுச் சமாளிக்கலாம்" என்பீர்கள். மாரிக் குளிரில் புவாண்ட்-கிளேர் கடைத்தொகுதிதான் நமக்குக் கடற்கரை. ஒன்றும் வாங்காமல் மூன்று மணித்தியாலம் இருந்து, போகிற வருகிறவர்களுக்கெல்லாம் பட்டப்பெயர் வைத்தோம்.

ஒன்றுக்கு மட்டும் நான் வரவில்லை. இல்-பிசாரிலிருந்து லாவலுக்குக் கோடையில் ஓடும் படகு. கார்களையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு ஆற்றைக் கடக்கும் தட்டைப் படகு அது, ஐந்து நிமிடம்கூட ஆகாது என்று யாரோ சொல்லக் கேட்டதிலிருந்து உங்களுக்கு அதே கதைதான். நான்கு கோடை கேட்டீர்கள். நான்கு கோடையும் "பேந்து பாப்பம் அக்கா" என்றேன். ஊரில் சண்டைக் காலத்தில் கைக்குழந்தையை மடியில் அமுக்கிப் பிடித்துக்கொண்டு வள்ளத்தில் கடல்நீரேரியைக் கடந்தவள் நான். தண்ணீரில் மிதக்கிற எதிலும் கால்வைக்க மனம் வராது. அது உங்களுக்குத் தெரிந்தபடியால் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருக்கலாம்.

வெளிக்கிடுகிறவரைப் பார்த்து எங்கே என்று கேட்கக் கூடாது, கேட்டால் போகிற காரியம் சரிவராது என்பது நம் ஆட்களின் வழக்கம். கேட்டே ஆகவேண்டுமென்றால் "தூரமோ?" என்று கேட்டுவிட்டு விடுவது. இந்த விஷயத்தில் உங்களைப்போல ஒரு பிடிவாதக்காரியை நான் கண்டதில்லை. நான் மேல்வீட்டுக்கு வந்த முதல் மாரியில், கனடாவில் இதையெல்லாம் யார் பார்க்கிறார்கள் என்ற நினைப்பில், "எங்க போறியள் அக்கா?" என்று கேட்டுவிட்டேன். நீங்கள் கையுறை, தொப்பி, கோட்டு, சப்பாத்து எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கழற்றினீர்கள். உள்ளே போய்த் தண்ணீர் குடித்து, கதிரையில் ஐந்து நிமிடம் இருந்து, திரும்ப எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக மாட்டினீர்கள். அதற்குள் பஸ் போய்விட்டது. "பல் டொக்டரிட்டப் போறன், போதுமோ? உம்மட வாயால அவன் இண்டைக்கு எந்தப் பல்லைப் புடுங்கப்போறானோ!" என்று கத்திக்கொண்டே பனிக்குள் இறங்கினீர்கள். நான் மேலே வந்து வயிறு நோகச் சிரித்தேன். ஆனால் அன்றிலிருந்து உங்களிடம் கேட்டதில்லை.

மூன்று கோடைக்கு முந்தைய அந்த ஞாயிறு, ரொறன்ரோவிலிருந்து என் அண்ணன் குடும்பம் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருந்தது. குப்பைப் பையோடு இறங்கினேன். நீங்கள் தோளில் துணிப்பையுடன் படியில் இருந்தீர்கள்.

"தூரமோ அக்கா?"

"இல்லையப்பா, உதில கிட்டத்தான்."

சொல்லிவிட்டு உடனே போகவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றீர்கள். நான் அடுப்பில் கறி இருக்கிறது என்று சொல்லி மேலே ஓடினேன்.

விருந்தாட்கள் வெளிக்கிட்ட பிறகு, பின்னேரம் ஐந்து மணிக்கு உங்களுக்கு அழைத்தேன். போன் உங்கள் வீட்டுக்குள்ளேயே அடித்தது. எங்காவது கிட்டத்தானே என்று மகளும் நானும் பூங்கா, தெருமுனை டெப்பனர் கடை, மெற்றோ வாசல், கோயில் எல்லாம் பார்த்தோம். பிறகு அவளுடைய காரில் புவாண்ட்-கிளேருக்கு. நாம் வழக்கமாக இருக்கும் வாங்கில் இரண்டு பேர் ஐஸ்கிறீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள்மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அங்கிருந்தே மகள் பொலிசுக்கு எடுத்தாள். அடையாள அட்டை இல்லாத ஒரு பெண்ணை இல்-பிசார் படகுத்துறையிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள் என்றார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து அரை மணித்தியாலம்.

மூளையில் இரத்தக்குழாய் வெடித்ததாம். படகுக்காரரைப் பிறகு போய்ப் பார்த்தேன். மூன்று தரம் அக்கரைக்குப் போய்வந்தீர்களாம். ஒவ்வொரு தரமும் அவருக்கு மெர்சி சொன்னீர்களாம். அதைக் கேட்டு அழுதுகொண்டே சிரித்தேன். ஆனால் ஆஸ்பத்திரியில் தந்த உங்கள் பைக்குள் பிளாஸ்க்குடன் இரண்டு பேருக்குக் கட்டிய புட்டும் இரண்டு கரண்டியும் இருந்தன. பழக்கத்தில் வைத்தீர்களா? நான் எங்கே என்று கேட்பேன், கேட்டால் கூப்பிடலாம் என்று வைத்தீர்களா? கேட்டிருந்தால் வந்திருப்பேனா என்பதும் எனக்குத் தெரியாது. ஆனால் எங்கே தேடுவது என்று தெரிந்திருக்கும்.

நர்ஸ் நல்ல பிள்ளை. உங்கள் கையைப் பிடித்தபடி பக்கத்திலேயே இருந்திருக்கிறாள். அவள் பிரெஞ்சில் சொன்னதை மகள் எனக்குச் சொன்னாள்: "அவ கடைசிவரைக்கும் கதைச்சுக்கொண்டே இருந்தவவாம் அம்மா. ஒண்டையே திருப்பித் திருப்பிக் கேட்டவவாம். தங்களுக்கு விளங்கேல்லையாம்."

அந்த வசனம் என்னை விடவில்லை. வேலையில் மேசைக்கு முன்னால் நிற்கும்போது, பக்கத்தில் நீங்கள் வாய்க்குள் ஏதோ சொல்வது கேட்கும். திரும்பினால் வேறொருத்தி நிற்பாள்.

போன வருடம் அந்த நர்ஸைத் தேடிப்போய் என் போன் இலக்கத்தைக் கொடுத்தேன். யாராவது தமிழில் கதைத்தால், எந்த நேரமென்றாலும் எடுக்கச் சொன்னேன். போன மாதம் எடுத்தார்கள். சென்னைப் பக்கத்துப் பெரியவர் ஒருவர். நாற்பது வருடம் இங்கே பேராசிரியராம். ஆங்கிலமும் பிரெஞ்சும் தண்ணீர்பட்ட பாடு. பக்கவாதம் வந்ததும் இரண்டும் போய்த் தமிழ் மட்டும் மிஞ்சியிருக்கிறது. மகன் இன்னும் வந்துசேரவில்லை. இரண்டு நாளாக ஒன்றையே சொல்கிறார் என்றார்கள். காதைக் கிட்டக் கொண்டுபோனேன்.

"கால் ஜில்லுன்னு இருக்கும்மா. அந்தப் போர்வையைக் கொஞ்சம் கீழே இழுத்து விடேன்."

அவ்வளவுதான். இழுத்துவிட்டேன். ஐந்து நிமிடத்தில் நித்திரையாகிவிட்டார்.

அக்கா, இவ்வளவு நாளும் நீங்கள் தூரத்தில் இருக்கும் உங்கள் மகனின் பெயரைச் சொல்லியிருப்பீர்கள், முருகனைக் கூப்பிட்டிருப்பீர்கள், என்னைத் திட்டியிருப்பீர்கள் என்றெல்லாம் நினைத்திருந்தேன். பெரிய ஏதோ ஒன்று என்று நினைத்தபடியால் தாங்க முடிந்தது. இப்போது முடியவில்லை. கையை நீட்டினால் முடிகிற ஒரு சின்னக் காரியத்தைத்தான் நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

பெரியவருக்குப் பிறகு இன்னும் இரண்டு பேருக்காகக் கூப்பிட்டார்கள். போனேன். அவர்கள் வாய் திறக்கும் முன்பே போர்வையை இழுத்துவிடுகிறேன், தலையணையை உயர்த்துகிறேன், உதட்டை நனைக்கிறேன், ஜன்னல் சீலையைச் சாத்துகிறேன். இதில் நீங்கள் கேட்டது எது என்று தெரியாததால், எல்லாவற்றையும் செய்கிறேன்.