தெளிஞ்சிருந்த பக்கெட்டுத் தண்ணி

என்னங்க,

இன்னியிலிருந்து எனக்கு செகண்ட் ஷிஃப்ட். கம்பெனி பஸ் வந்துடும், அதான் எழுதி வச்சுட்டுப் போறேன். களியும் அவரைக்காய்க் குழம்பும் ஹாட்பாக்ஸ்ல இருக்கு. நேத்து மாதிரி சாப்பிடாம படுத்தீங்கன்னா எனக்குக் கெட்ட கோபம் வரும்.

நேத்து 'மாசிலாமணி குடும்பம்' சீரியல்ல, வேலை போனதை வீட்ல மறைச்சுட்டு அந்த மனுஷன் தினமும் யூனிஃபார்ம் போட்டுக் கிளம்பறதைப் பாத்து விழுந்து விழுந்து சிரிச்சேன். நீங்க டிவியை அணைச்சுட்டுப் போயிட்டீங்க. என்ன கோபம்னே எனக்குப் புரியலை.

காலையில உங்க யூனிஃபார்ம் சட்டையை எண்ணெய்க்கறைக்குன்னு வச்சிருக்கிற பக்கெட்டுல ஊறப் போட்டேன். எப்பவும் பத்து நிமிஷத்துல மெஷின் எண்ணெய் இறங்கிக் கறுத்துடும், இன்னிக்கு ஒரு மணி நேரம் கழிச்சும் தண்ணி தெளிவாவே இருந்துச்சு. அப்பதான் எனக்கு உறைச்சுது.

வேலை போனதுக்குத் திட்ட மாட்டேன். மறைச்சதுக்கு ஒரு பாட்டம் திட்டுவேன், அது ஞாயித்துக்கிழமை, சர்ச்சுக்குப் போயிட்டு வந்து.

எங்க லைன் லீடர் நாகம்மாக்காவுக்கு போன் போட்டேன். ஜூஜுவாடியில அவங்க தம்பி கம்பெனியில நீங்க ஓட்டின மாதிரியே சிஎன்சி மெஷின் ஓட்ட ஆள் தேடறாங்களாம். நாளைக்குப் பத்து மணிக்கு உங்களை வரச் சொன்னாங்க. கோடு போட்ட சட்டையை இஸ்திரி போட்டு வச்சிருக்கேன்.

எஸ்லின்

மறந்துட்டேன். பாப்பா ஏழு மணிக்கு டியூஷன் விட்டு வந்ததும் சீரியல் போடச் சொல்லி உயிரை எடுப்பா. இன்னிக்கு மாசிலாமணி பொண்டாட்டிகிட்ட உண்மையைச் சொல்லப் போறாராம், விளம்பரத்துல காட்டினாங்க. நம்ம வீட்ல அது முடிஞ்சிருச்சு. தைரியமா டிவியைப் போடுங்க.