பொம்மைப் படத்துக்குப் போய் வந்தோம்

என் செல்ல அண்ணாத்தே,

தடைக்காலம் தொடங்கிவிட்டது. காசிமேட்டில் விசைப்படகுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு கட்டிக் கிடக்கின்றன. உன் கூட்டாளிகள் வலை தைக்கிறார்கள், சீட்டு ஆடுகிறார்கள், பெண்டாட்டிகளிடம் திட்டு வாங்குகிறார்கள். நீ மட்டும்தான் இல்லை.

மீன்பிடிக்கத் தடை போட்டால் நமக்கு சினிமாக் காலம்தானே? வருஷம் முழுக்கக் கடலில் கிடந்துவிட்டு, இந்த நாட்களில்தான் அண்ணியையும் என்னையும் தியேட்டருக்குக் கூட்டிப்போவாய். அதுவும் கார்ட்டூன் பொம்மைப் படமாகத் தேடிப் பிடிப்பாய். "பொம்மைங்கதான் பந்தா காட்டாம நடிக்கும்" என்பாய். இவ்வளவு பெரிய மீசையை வைத்துக்கொண்டு குழந்தைகளுக்கு நடுவில் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பாய். எனக்கு மானம் போகும். இப்போது ஒருமுறை அப்படி மானம் போனால் தேவலை என்றிருக்கிறது.

நீ ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பாமல் போனதிலிருந்து வீட்டில் நானும் அண்ணியும்தான். விடியுமுன் அவர் ஏலத்தில் மீன் எடுக்கப் போவார். நான் கன்டெய்னர் யார்டு ஆபீசுக்குப் போவேன். சாயந்திரம் சேர்ந்து சாப்பிடுவோம். நீ போனாலும் உன்னால் வந்த அண்ணி எனக்கு மிச்சம் என்று ஒரு தைரியம் இருந்தது.

அந்தத் தைரியத்தில்தான் கல் விழுந்தது. ஐஸ் வண்டி ஓட்டுகிற சேகர் இருக்கிறாரே, யாரைப் பார்த்தாலும் முதலில் சிரித்துவிடுவார், அவர் அண்ணியைக் கல்யாணத்துக்குக் கேட்டிருக்கிறார் என்று ஊரே பேசியது. அண்ணி என்னிடம் வாயைத் திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டு, ஆமாம் என்று சொல்லிவிட்டால்? அப்புறம் அந்த வீட்டில் நான் யாரோடு பேசுவது?

அப்போதுதான் இந்தப் படம் வந்தது. காதலனைக் கடலில் தொலைத்த ஒருத்தி கடைசிவரை அவனுக்காகக் காத்திருக்கும் பொம்மைப் படம் என்று ஆபீசில் சொன்னார்கள். வேண்டுமென்றேதான் அண்ணியைக் கூட்டிப்போனேன், அண்ணாத்தே. நான் சொல்ல முடியாததைப் படம் சொல்லிவிடும் என்று ஒரு நப்பாசை.

அய்யோ, அந்தப் படத்தை என்னவென்று சொல்ல! கடலைச் சொட்டு நீலம் கரைத்து வரைந்திருந்தார்கள். கதாநாயகன் புயல் நேரத்தில் கையில் லாந்தரோடு தனியாகப் படகை எடுத்தான். தியேட்டரில் பாதி நம் காசிமேட்டு ஜனம். "புயல் கூண்டு ஏத்துனப்பறம் எவன்டா படகு அவுப்பான்?" என்று பின்வரிசையில் ஒருவர் கத்த, அழவேண்டிய இடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். அவன் செத்தான். அவள் ஒரு பாறைமேல் உட்கார்ந்தாள், தலை நரைக்கும்வரை எழுந்திருக்கவில்லை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி அவன் தங்க மீனாக வந்து பாட்டுப் பாடினான். கடைசியில் அவளும் கடலுக்குள் நடந்து போய் மீனாகிவிட்டாள். அண்ணி கொட்டாவி விட்டார். எனக்கே சப்பென்று ஆகிவிட்டது.

வெளியே வந்து, பர்மா நூடுல்ஸ் போடுகிற அத்தோ கடையில் நின்றோம். இரண்டு வாய் சாப்பிட்டதும் அண்ணி ஆரம்பித்தார்.

"இன்னாம்மே படம் இது? அத்தினி வருசம் கல்லு மேல குந்திகினு கீறா. ஒரு வேள சோறு துன்னாளா? வூட்டு வாடக எவன் குட்த்தான்? காலு மரத்துப் பூடாது?"

நீ கேட்டிருந்தால் விசில் அடித்திருப்பாய். நான் சிரித்தேன்.

"உங்கண்ணன் மட்டும் மீனா வந்து பாட்டுப் பாடட்டும். 'யோவ், கரப்பக்கம் வராத, ஏலம் வுட்டுருவானுங்க'ன்னு தொரத்தியே வுடுவேன்" என்றார். சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, தட்டைப் பார்த்தபடியே பேசினார்.

"சேகரு கேட்டுகினு கீறாரு, தேவி. எனக்கும் புட்ச்சிருக்கு. உங்கண்ணன மறந்துட்டு இல்ல. அத்த நீ நம்பணும்."

நான் தட்டில் இருந்ததைக் கிளறிக்கொண்டிருந்தேன். அண்ணி விடவில்லை.

"அவருக்குக் கூடப் பொறந்தவ யாரும் இல்ல. அவரு ஒரு முடிச்சு போட்டா மிச்ச முடிச்சு போட நாத்தனாரு வோணும். நீ வர்றியா? வேற எவளும் என் கழுத்தாண்ட கை வெக்கக் கூடாது."

உன் கல்யாணம் ஞாபகம் இருக்கிறதா? அண்ணிக்குப் பின்னால் நின்றுகொண்டு, மஞ்சள் கயிற்றைப் பிடித்த என் கை நடுங்கியது. "இறுக்கிப் போடு, அவுந்துரப் போவுது" என்று நீ முறைத்தாய். நீ போனபோது அந்தத் தாலியைக் கழற்றியதும் இதே கைதான். சுற்றி அத்தனை பெண்கள் இருந்தும், அன்றைக்கும் அண்ணி வேறு யாரையும் கிட்டே விடவில்லை. புருஷன் போனபிறகும் நாத்தனார் என்ற உறவு தன்னோடு இருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். நானோ அவர் எங்கே போய்விடுவாரோ என்று ஒரு மாதமாகப் பயந்துகொண்டிருந்தேன். எங்கள் இரண்டு பேரில் யாருக்கு மனசு பெரிசு?

"நாத்தனாருக்குப் பட்டுப் புடவ எடுக்காம முடிச்சும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. சொல்ட்டேன்" என்றேன். அண்ணி தட்டைக் கீழே வைத்துவிட்டு, நடுத்தெரு என்றும் பார்க்காமல் என்னைக் கட்டிக்கொண்டார். கடைக்காரர் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

ஆவணியில் கல்யாணம். அதன் பிறகு சாயந்திரங்களில் வீடு வெறிச்சென்றுதான் இருக்கும். பயமாகத்தான் இருக்கிறது, உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? ஆனால் அண்ணியைப் பாறைமேல் உட்காரவைத்துவிட்டு, நான் நிம்மதியாகச் சோறு தின்ன முடியுமா, நீயே சொல்.

அன்றைக்குப் போல என் கை நடுங்கும், தெரியும். ஆனாலும் நீ சொன்ன மாதிரியே இறுக்கிப் போடுகிறேன், அண்ணாத்தே.

உன் தங்கச்சி,
இன்றைக்கும் உன் பெண்டாட்டிக்கு நாத்தனார்,
தேவி