பேரளியைத் தாண்டிய பேச்சு

ஆனி 12, வியாழன் இரவு

சென்னைக் கல்லூரியில் நிலவியல் இரண்டாம் ஆண்டுக்கு ஒரே ஒரு இடம்தான் காலியாம். எனக்குக் கிடைக்குமா என்று அரியலூரில், நான் முதலாண்டு முடித்த கல்லூரியில், எங்கள் மேடத்திடம் கேட்டேன். "மார்க் போதும்மா. ஆனா இன்டர்வியூவுல பேசணும். நீ வாயே தொறக்க மாட்டேங்குறியே," என்றார்.

பெரம்பலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் கண்ணை மூடினேன். இன்டர்வியூ அறை மனக்கண்ணில் வந்தது. இந்தக் கரிசல் காடெல்லாம் ஒரு காலத்தில் கடலாக இருந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வாய்விட்டே சொல்லியிருக்கிறேன். பக்கத்து சீட்டில் இருந்த அக்கா, "அப்பறம் அந்தக் கடல் எங்கம்மா போச்சு?" என்றார்.

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொன்னேன், சொல்லிக்கொண்டே போனேன். பெரம்பலூர் வந்ததும் அக்கா பதறி எழுந்தார். "அய்யய்யோ, நான் பேரளில எறங்கணுமே!"

பாவம் அக்கா. எனக்கோ இன்னும் சிரிப்பு அடங்கவில்லை. நாளைக்கே விண்ணப்பித்துவிடுவேன்.