யாரைக் கேட்டுத் தொட்டியைக் கழுவச் சொன்ன?

நாரணாபுரம்,
ஞாயித்துக்கிழமை.

அன்பு மகன் சரவணக்குமாருக்கு அம்மா எழுதுறது. நானும் அப்பாவும் இங்கன சுகமாத்தான் இருக்கோம், நீயும் அந்தக் கத்தார் வெக்கையில உடம்புக்கு ஒண்ணுமில்லாம இருக்கணும். போன்ல சொன்னா சிரிச்சே மழுப்பிருவ, அதான் காகிதத்துல எழுதுறேன், முழுசாப் படி.

போன வாரம் உன் சித்தப்பா பாண்டிமுருகன் வந்திருக்காக. நான் பட்டாசுக் கம்பெனிக்குப் போயிட்டேன். நீ விட்டுட்டுப் போன மீன் தொட்டியப் பாத்துட்டு, என்ன இது குட்டை கணக்காப் பாசி மூடிக் கெடக்குன்னு உனக்குப் போன் போட்டிருக்காக, நீயும் உங்க இஷ்டம் சித்தப்பா, கழுவிருங்கன்னு சொல்லியிருக்க. ரெண்டு வருசமா அதப் பாக்குறவ ஒருத்தி இருக்காளே, அவகிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு உனக்குத் தோணலையாலே? சாயங்காலம் வந்து பாத்தா அடிமண்ணு பூரா வாசல்ல கெடக்கு, தொட்டி பிளீச்சிங் பவுடர் வாடையோட பளபளன்னு நிக்குது, உள்ள பிளாஸ்டிக் செடி. பதினாலு கப்பி மீனுல ஒம்பது செத்து மெதக்குது. மிச்சம் அஞ்சும் மேல வந்து வாயப் பெளந்துக்கிட்டு இருந்துச்சு, நான் வாளியில பிடிச்சு வச்சிருந்த பழைய தண்ணியில அள்ளிப் போட்டேன். செடியெல்லாம் சாக்குல கட்டி ஊருணியில கொட்டக் கெளம்பிட்டாக சித்தப்பா. மெதக்குற செடி ரெண்டே மாசத்துல ஊருணியவே மூடிரும், கீழ வைங்கன்னு சத்தம் போட்டுப் பிடுங்கினேன். அப்பா வேற, தம்பி நல்லதுக்குத்தான செஞ்சான்னாக. நல்லது செய்றவுக கேட்டுச் செய்யணும்னேன்.

போன தீவாளி சீசன்ல ஓவர்டைம் பாத்து நான் கவனிக்காம விட்டதுல, மேல மெதக்குறது முழுசா அடைச்சு, கீழ வேர் பிடிச்ச செடிக்கு வெளிச்சமில்லாம இலையெல்லாம் கரைஞ்சு போச்சு. அதுல பட்டுத்தான் படிச்சேன். வாரத்துக்கு ஒருக்க பாதிய அள்ளி முருங்கைத் தூருக்குப் போடுவேன். சின்ன டியூப்ப வளையமாக் கட்டி மெதக்க விட்டு, நடுவுல வெளிச்சத்துக்கு வழி வச்சிருந்தேன். பூராவும் எடுத்துட்டாலும் ஆகாது, மீன் கழிவ அந்த வேருதான் இழுக்கும், குஞ்சு அதுலதான் ஒளியும். பட்டாசு மருந்து ஒட்டுன கைய மூணு தடவை தேய்ச்சுக் கழுவாம உள்ள விட்டதில்ல நான். இதுக்குப் பேரு குட்டையா?

தொட்டிய நாலு நாளு தண்ணி மாத்தி மாத்தி ஊற வச்சு, வெயில்ல காயப் போட்டேன். இன்னைக்குக் காலையில அப்பாவே வண்டல் மண்ணு சலிச்சுக் குடுத்தாக. மேல மணலப் பரப்பி, சாக்குல தப்புன நாலு செடியக் குருத்து புதையாம நட்டிருக்கேன். தண்ணி தெளியட்டும், அப்புறந்தான் மீன விடணும். பிளாஸ்டிக் செடியச் சித்தப்பா வீட்டுக்கே குடுத்து விட்டாச்சு. அம்மா கோவத்துல பேசிட்டான்னு நீ அவுகளுக்குப் போன் போட்டு மன்னிப்பெல்லாம் கேக்காத. கேக்கணும்னா என்கிட்ட கேளு. இது இனிமே என் தொட்டி, லீவுல வந்தா நீயும் என்னையக் கேட்டுத்தான் உள்ள கை விடணும்.

இருக்கன்குடி ஆத்தா உன்னக் குறையில்லாம வச்சுக்கிடுவா. நேரத்துக்குச் சாப்பிடு, வெயில்ல தொப்பி இல்லாம நிக்காத.

கோவம் இன்னும் ஆறாத உன் அம்மா,
சண்முகத்தாய்