தகட்டின் பின்பக்கம்

போர்லெங்கே,
9 மார்ச் 1964

அன்புள்ள தம்பி எஸ்கிலுக்கு,

நலம்தானே? நான் நலம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். காபிக் கெண்டி செய்ய எங்கள் ஆலை அனுப்பிய அரை மில்லிமீட்டர் எஃகுத் தகடு கடினமாக இருக்கிறது, அச்சில் அழுத்தினால் விரிசல் விடும், திருப்பி அனுப்புகிறோம் என்று உங்கள் பட்டறையிலிருந்து புகார் வந்திருக்கிறது. பரிசோதகர் பெயரைப் பார்த்தேன். நீ! மிருதுவான தகடு என்று சான்று எழுதியவள் நான்.

மேலாளர் ஹெல்ம்ஸ்ட்ரோம் கூப்பிட்டார். "பதினோரு வருஷமா தகடு சோதிக்கிறே, இதுல போய் கோட்டை விட்டுட்டியேம்மா. வெள்ளிக்கிழமைக்குள்ள இதுக்குச் சரியான விளக்கம் வரலேன்னா பொட்டலம் கட்டுற பக்கம் போயிடு" என்றார்.

உன்மேல் கோபமில்லை. ஒன்று மட்டும் செய். கடினம் அளக்க எஃகுக் குண்டு வைத்து அழுத்திய தகட்டைத் திருப்பிப் பார். குழிக்கு நேர் பின்னால் பளபளவென்று ஒரு புள்ளி தெரிந்தால், நீ அளந்தது என் தகட்டை அல்ல, அதன் அடியில் இருக்கும் இரும்புப் பீடத்தை. இரண்டு தகட்டை அடுக்கியும் அளக்காதே. அது வேறு விதமாக ஏமாற்றும்.

உன் அக்கா,
கன்வோர்

நெஷ்ஷா,
11 மார்ச்

அன்புள்ள அக்கா,

திருப்பிப் பார்த்தேன். ஐந்து துண்டிலும் புள்ளி. கனத்த தகட்டுக்கு வைக்கும் எடையை மாற்றாமலே அளந்து தொலைத்திருக்கிறேன். லேசான எடை வைத்ததும் நீ சான்றில் எழுதிய எண்ணே வந்தது.

"பேசாம இருடா, பரிசோதகராகி மூணு வாரம்கூட ஆகலே. யாருக்குத் தெரியப்போவுது?" என்றார் எங்கள் ஃபோர்மன்.

"எங்க அக்காவுக்குத் தெரியும்" என்றேன்.

தவறு என்னுடையது என்று கையெழுத்திட்டு, புள்ளி விழுந்த துண்டோடு உங்கள் மேலாளருக்கே அனுப்பிவிட்டேன். என்னைப் பற்றிக் கவலை வேண்டாம்.

எஸ்கில்

போர்லெங்கே,
2 ஏப்ரல்

என் தங்கமான தம்பிக்கு,

மேலாளர் உன் கடிதத்தை எல்லார் முன்னாலும் படித்தார். "யாரும்மா இந்த ஆளு?" என்றார். "என் தம்பி" என்றேன். என் வேலை என்னிடமே இருக்கிறது.

நீ மறைத்தாலும் உன் மனைவி பிரிட்டா எழுதிவிட்டாள். பரிசோதகர் வேலை போய் மறுபடி தகட்டைக் கெண்டியாக அழுத்தும் அச்சு இயந்திரத்தில் நிற்கிறாயாமே. நன்றி என்ற ஒரு சொல் எனக்குப் போதவில்லையடா.

நேற்று உன் பார்சலில் காபிக் கெண்டி வந்தது. கெண்டியில் ஒரு விரிசல் இல்லை. பழக்கதோஷம், கவிழ்த்துப் பார்த்தேன். எனாமல் பூசுமுன் ஆணியால் கீறியிருக்கிறாய்: "தகடு கன்வோர், அச்சு எஸ்கில்."

இன்று காலை அதில்தான் காபி போட்டேன்.

அக்கா