ஒரு வார்த்தையும் பேசாத யோசேப்பு

என் அன்புக் குருவிக்கு,

உன் தாய்மாமன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். எல்லோரும் என்றால் நானும், சமையலறைச் சுவரில் குடியிருக்கும் பல்லியும்தான். இருவருக்கும் பசி நன்றாக எடுக்கிறது.

உன் கடிதம் கிடைத்தது. உன் அப்பா இத்தனை வருஷம் கழித்து உன்னைத் தேடி வந்திருப்பதையும், கல்யாணத்தன்று அவரே உன் கையைப் பிடித்து ஆலயத்துக்குள் கூட்டிக்கொண்டு போக ஆசைப்படுவதையும் எழுதியிருந்தாய். “நீங்க என்ன சொல்றீங்களோ அதான் மாமா” என்று கடைசியில் ஒரு வரி. பதில் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒரு பெரிய சமாச்சாரம். உன் மாமா பிரசங்கம் பண்ணிவிட்டான்!

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு ஆராதனையில். அதற்கு நாலு நாள் முன்னால் போதகர் நம் மோட்டார் கடைக்கே வந்து, காலில் விழாத குறையாக, “அண்ணே, உங்கள விட்டா எனக்கு யாருமில்ல” என்று கெஞ்சினார். வழக்கமாகப் பேசும் வாத்தியாருக்குத் தொண்டை கட்டிவிட்டது, வக்கீல் தன் மகன் வீட்டுக்குப் போய்விட்டார் என்பதெல்லாம் சில்லறை விஷயம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவனிடம், மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டும் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பட்டதாரி கெஞ்சினார் என்பதை மட்டும் நீ உன் மாப்பிள்ளையிடம் சொல்.

மரியாளைக் கட்டின யோசேப்பைப் பற்றித்தான் பேசுவது என்று முடிவு பண்ணினேன். கிறிஸ்துமஸ் தோறும் கதையில் வரும் என் யோசேப்பை உனக்குத் தெரியாதா? சத்திரத்துக் கதவைப் படபடவென்று தட்டுவான். “யோவ், நெறமாசப் பொண்ணுய்யா! தெருவுல நிக்க வைக்கிறியே, நீயெல்லாம் ஒரு மனுசனா?” என்று சத்திரக்காரனைக் கிழி கிழியென்று கிழிப்பான். சின்னப் பிள்ளையாய் நீ கரிந்துபோன மோட்டார் மேல் உட்கார்ந்துகொண்டு, “இன்னும் திட்டச் சொல்லுங்க மாமா” என்று கை தட்டுவாய். நீ கேட்கக் கேட்க அவன் ஒவ்வொரு வருஷமும் கூடுதலாகத் திட்டினான்.

அதையே போதகருக்கு நடித்துக் காட்டினேன். மனுஷர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு மெதுவாக, “அண்ணே, பிரமாதம். ஆனா யோசேப்பு இத எந்த அதிகாரத்துல சொல்றாரு?” என்றார். மத்தேயுவில் இல்லாவிட்டால் லூக்காவில் இருக்கும், படித்தவர் நீங்கள், தேடிப் பாருங்கள் என்றேன். “நான் தேடிட்டேன். நீங்களும் ஒரு தடவ தேடுங்களேன்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கடையில் கதவைப் பாதி சாத்திவிட்டு உட்கார்ந்து தேடினேன். குருவி, எனக்கு வேர்த்துவிட்டது. தூதர்கள் பேசுகிறார்கள். மரியாள் பாட்டே பாடுகிறாள். மேய்ப்பர்கள் பேசுகிறார்கள். ஊமையாய்ப் போன சகரியாகூடப் பலகையில் எழுதிக் காட்டி, வாய் திறந்ததும் அவர் பங்குக்கு ஒரு பாட்டுப் பாடிவிடுகிறார். யோசேப்பு? ஒரு வார்த்தை கிடையாது. “சரி” என்றுகூடச் சொல்லவில்லை. சத்திரக்காரன் என்று ஓர் ஆளே கிடையாது; இடமில்லை என்று மட்டும் இருக்கிறது. இத்தனை வருஷம் நான் இல்லாத ஆளை இல்லாத வாயால் திட்டியிருக்கிறேன்.

ஞாயிறு வந்தது. புதுக் கோட்டு போட்டுக்கொண்டு போனேன். அத்தனை பெரிய கூட்டத்தை அந்த ஆலயம் கண்டதில்லை. வெளியே மரத்தில்கூட ஆள் ஏறியிருந்தார்கள் என்று நினைக்கிறேன். நான் சொன்னேன்: இந்த மனுஷன் பேசவில்லை, எழுந்தான். கனவு வரும்போதெல்லாம் எழுந்தான். மரியாளைச் சேர்த்துக்கொள் என்றால் எழுந்து சேர்த்துக்கொண்டான். எகிப்துக்குப் போ என்றால் எழுந்து, பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாகப் போனான். தனக்குப் பிறக்காத பிள்ளைக்குப் பேர் வைத்தவன் அவன்தான். இதுவரைக்கும் இடி மாதிரிப் பேசினேன். முன் பெஞ்சில் ஒரு கிழவர் விழித்தே இருந்தார்.

பிறகு பன்னிரண்டு வயசுப் பிள்ளை தேவாலயத்தில் தொலைந்துபோன இடத்துக்கு வந்தேன். மரியாள் பிள்ளையிடம், உன் தகப்பனும் நானும் உன்னைத் தேடி அலைந்தோமே என்கிறாள். தகப்பன் என்று யோசேப்பைத்தான் சொல்கிறாள். அதற்குப் பிள்ளை என்ன சொல்கிறது தெரியுமா? நான் என் பிதாவின் காரியமாக இருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியாதா என்று கேட்கிறது. யோசேப்பு பக்கத்திலேயே நிற்கிறான்.

அந்த இடத்தில் அவன் முகம் எப்படி இருந்தது என்று வேதத்தில் எழுதவில்லை. நானாவது ஏதாவது சேர்த்துச் சொல்லியிருக்கலாம். நான் சேர்க்காத விஷயம் உலகத்தில் உண்டா? வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. அப்படியே நின்றேன். கடைசியில் ஆமென் சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். சபையார் அதை ஒரு புது பாணி என்று எடுத்துக்கொண்டார்கள். உண்மையில் மேலே இருந்த மின்விசிறித் தூசி கண்ணில் விழுந்துவிட்டது. அந்த மோட்டாரை நான்தான் பார்க்க வேண்டும்.

வாசலில் தையல்காரர் பிடித்துக்கொண்டார். “ஏன்ணே, நம்ம குருவிய மணமேடைக்குக் கூட்டிட்டுப் போகணும், தோள் நல்லா நிக்கணும்னு மூணு தடவ அளவெடுக்க வச்சீங்க. கல்யாணத்துக்கு முன்னாடியே போட்டு அழுக்காக்கிட்டீங்களே?” என்றார். தையல்காரருக்கு வாய் நீளம். கோட்டு என்றால் எதற்கும் போடுவதுதானே.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். அப்பா கையைப் பிடித்துக்கொண்டே போ. அவர் வேகமாக நடக்கிறவர்; உன் உடுப்பு காலில் தடுக்காமல் பார்த்துக்கொள். செத்துப்போன உன் அம்மா, என் தங்கச்சி, இருந்திருந்தால் அவளும் அதைத்தான் சொல்லியிருப்பாள். என்னைப் பற்றி யோசிக்காதே. நான் கட்டாயம் வருவேன். கதவோரம் கடைசி பெஞ்ச் போதும். எல்லாரையும் பார்க்கலாம், காற்றும் வரும். முன்னால் உட்கார்ந்தால் என்னைப் பேசச் சொல்லிவிடுவார்கள்.

உன் அறையில் பல்பு மாற்றிவிட்டேன். உன் மேஜை மேல் கடைச் சாமான் வைத்திருந்தேன், எடுத்துவிட்டேன்.

கர்த்தர் உன்னையும் உன் மாப்பிள்ளையையும் ஆசீர்வதிப்பாராக. உங்கள் வீட்டில் எப்போதும் பேச்சுச் சத்தம் இருக்கட்டும்.

நேரம் கிடைத்தால் லூக்கா இரண்டாம் அதிகாரத்தை நீயும் ஒரு தடவை வாசி. நான் ஆமென் சொல்லி இறங்கினது அவசரத்தில். அதற்குக் கீழே இன்னும் ஒரு வரி இருந்திருக்கிறது, வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன். பிள்ளை அப்படிச் சொன்ன பிறகும், அவர்களோடேகூட ஊருக்குத் திரும்பி வந்தது என்று இருக்கிறது.

இப்படிக்கு,
உன் மாமா